நாலு திசை, நாலு காலை: புதுக்கோட்டை சுற்ற உள்ளூர்க் குறிப்புகள்

திருச்சியிலிருந்து காரைக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிறவர்கள் புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி ஏறிவிடுகிறார்கள். தஞ்சாவூரையும் மதுரையையும் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் மாவட்டம் ஜன்னலுக்கு வெளியே ஓடும் கருவேலங்காடு, அவ்வளவுதான். இறங்கிப் பார்க்கிற சிலரும் ஒரே நாளில் பத்து இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்து, உச்சி வெயிலையும் பூட்டிய கதவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வருவதாகச் சொன்னால் போனில் நான் சொல்கிற விஷயங்களைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புதுக்கோட்டையில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஊருக்குள் இல்லை, ஊரைச் சுற்றி இருக்கிறது. நகரத்தில் தங்கிக்கொண்டு திசைக்கு ஒரு காலை என்று ஒதுக்குங்கள். மேற்கே சித்தன்னவாசல், குடுமியான்மலை. வடக்கே நார்த்தாமலை. தெற்கே திருமயம். தென்கிழக்கே ஆவுடையார்கோயில், அப்படியே கடற்கரை. இரண்டு திசைகளை ஒரே நாளில் சேர்த்தால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

2. விமானத்தில் வருகிறவர்கள் திருச்சி நகரத்துக்குள் போய்ப் பஸ் நிலையம் தேட வேண்டியதில்லை. திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு வந்து நின்றால் புதுக்கோட்டை பஸ் கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெட்டியோடு அங்கே நிற்பதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து ரயில் என்றால் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் இறக்கிவிடும். ராமேஸ்வரம் போகும் ரயில்களும் உண்டு.

3. மாதம் பார்த்து வாருங்கள். கார்த்திகை முதல் மாசி வரை சரியான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய்கள் நிரம்பியிருந்தால் மாவட்டமே வேறு முகம் காட்டும். சித்திரை, வைகாசியில் வர வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். இங்கே பார்க்க வேண்டியவை எல்லாம் பாறைமேல் இருக்கின்றன. கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலோடு நடப்பது வேண்டுதலில் சேரும். கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் ஆளுக்கொரு ஜோடி பருத்தி சாக்ஸ் கையோடு இருக்கட்டும்.

4. பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச், தலையில் போட ஒரு துண்டு, சில்லறை. மலையடிவாரங்களில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டார்ச் எதற்கு என்றால், குடைவரைகளின் உள்ளே சுவரில் இருப்பது பகலிலும் தெரியாது. போன் வெளிச்சத்தை நேராக அடிப்பதைவிட டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்துபோன கல்வெட்டு எழுத்தும் எழுந்து நிற்கும்.

5. கோயில்கள் மதியம் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தொல்லியல் துறையின் கையில் இருக்கும் கோட்டை, குகை போன்றவை பகல் முழுக்கத் திறந்திருக்கும், சில இடங்களில் டிக்கெட் உண்டு. ஆகவே காலையில் கோயில், பிறகு தொல்லியல் இடம் என்று போவதே எல்லோருக்கும் தோன்றும். எங்கள் வெயிலுக்கு அது ஒத்துவராது. ஏறவேண்டிய பாறையை முதலில் முடித்துவிட்டு, நிழல் உள்ள கோயிலுக்குப் பதினோரு மணி வாக்கில் வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பிவிட்டு, தெம்பிருந்தால் நாலு மணிக்கு மேல் இன்னொரு இடம்.

6. நகரத்துக்குள் வழி கண்டுபிடிப்பது மிகச் சுலபம். 1878-இல் திவானாக வந்த அ. சேஷய்ய சாஸ்திரி காலத்தில் ஊரைத் திருத்தி, கட்டம் போட்டது போல நேர்த் தெருக்கள் அமைத்தார்கள். நடுவில் அரண்மனை இருந்த பகுதி. சுற்றிலும் நாலு ராஜ வீதிகள். அதற்கு வெளியே வடக்கு இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்கள். விலாசத்தில் திசையும் எண்ணும் இருந்தால் போதும், யாரையும் கேட்காமல் போய்ச் சேரலாம். கடைத்தெரு என்றால் கீழ ராஜ வீதி. ஒரு சமஸ்தானத் தலைநகரம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய, காலை ஏழு மணிக்குக் கடைகள் திறக்கும் முன்னால் இந்த வீதிகளில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

7. தொண்டைமான் மன்னர்களின் புதிய அரண்மனைதான் இன்றைய ஆட்சியர் அலுவலகம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கத் தடையில்லை. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்றைக்குக் குறைதீர்க்கும் நாள். மனுவோடு மாவட்டமே அங்கே நிற்கும்.

8. அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910-இல் இதைச் சமஸ்தானம் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் சென்னை எழும்பூருக்கு அடுத்துப் பெரியது இதுதான் என்பார்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கே வாடிக்கை. உலோகச் சிற்பங்கள், முதுமக்கள் தாழிகள், பழைய ஆயுதங்கள் எல்லாம் உண்டு. அவசரப்படாதீர்கள், மாவட்டத்தைச் சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கே வந்தால் ஒவ்வொரு பொருளும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று படிக்கும்போதே இடம் மனசில் வரும்.

9. அருங்காட்சியகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கோகர்ணேஸ்வரர் கோயில். மூலவர் குடைவரையில் இருக்கிறார். அம்மன் பிரகதாம்பாள், தொண்டைமான்களின் குலதெய்வம். சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசில் ஒரு பக்கம் இந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துத் தானம் கொடுத்தார்கள். பின்னாளில் இந்தக் குட்டிக் காசு இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அச்சாகி வந்தது என்றால் நம்புவீர்களா? அரைக்காசு அம்மன் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர் இவளுக்குத்தான். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமா, ஒரு துண்டு வெல்லத்தை அம்மனுக்கு என்று எடுத்து வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் வீடுகளில் பழக்கம். ஸ்கூட்டர் சாவி காணாமல் போகிற வீடுகளில் வெல்லச் செலவு அதிகம்.

10. மேற்குத் திசை நாளில் முதலில் சித்தன்னவாசல், நகரத்திலிருந்து 16 கிலோமீட்டர் இருக்கும். அங்கே ஒரே மலையில் இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமண முனிவர்களின் கல் படுக்கைகள் பதினேழு. வழவழவென்று தேய்த்த அந்தப் படுக்கைகளில் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது, கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது. பாறையின் விளிம்பில் ஏறிப் போக வேண்டும், கைப்பிடிக் கம்பி இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் கீழேயே இருந்துவிடுவது நல்லது. அவர்களுக்கு இரண்டாவது இடமான அறிவர் கோயில் போதும், படிகள் குறைவு.

அந்த அறிவர் கோயிலில்தான் ஓவியம். உள்ளே போனதும் எல்லோரும் சுவரைத் தேடுகிறார்கள். அண்ணாந்து விதானத்தைப் பாருங்கள்: தாமரைக் குளம், மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். வெளியே வரும்போது முன் தூண்களில் ஆடல் மகளிர் இருவர், அரசன் அரசி. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நிறைய அழிந்துவிட்டது; முழு ஓவியத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள், கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வரும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. கருவறைக்குள் மெல்லிய குரலில் ரீங்கரித்தால் அறை முழுக்க அந்த ஒலி நிறையும். கூட்டம் இல்லாத நேரத்தில் காவலரிடம் கேட்டுவிட்டுச் செய்து பாருங்கள்.

11. அதே சாலைப் பக்கம் குடுமியான்மலை. பெரிய கோயிலின் மண்டபச் சிற்பங்களிலேயே நேரம் போய்விடும். பத்துத் தலை ராவணன், அன்னத்தின் மேல் ரதி, மன்மதன், குதிரை வீரர்கள், எல்லாம் ஆள் உயரத்துக்கு. ஆனால் வந்ததன் முக்கியக் காரணத்தை மறந்துவிடாதீர்கள். கோயிலை ஒட்டிய குடைவரையின் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாலும் ஏழாம் நூற்றாண்டு என்பார்கள். மகேந்திரவர்மன் வெட்டுவித்ததா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு ராகங்களுக்கான ஸ்வர வரிசைகள். பாடத் தெரிந்தவர்கள் கூட வந்தால் அங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவர்களை இழுத்துக்கொண்டு வருவது கஷ்டம். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், விபூதி, மாவு எதையும் தேய்க்க வேண்டாம். கேட்டு வாங்கித் தேய்த்தவர்களால்தான் மாவட்டத்தில் பல கல்வெட்டுகள் மழுங்கிக் கிடக்கின்றன. கிளம்பும் முன் மலையின் மேல் பக்கத்தையும் பாருங்கள்: ரிஷபத்தின் மேல் சிவனும் பார்வதியும், வரிசையாக அறுபத்துமூவரும் பாறையில் செதுக்கியிருப்பது தெரியும்.

12. மதியத்துக்கு மேலும் வண்டி ஓட்டத் தெம்பிருந்தால் இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர். இருக்குவேளிர் என்ற சிற்றரசர்களின் ஊர். பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தேவியர் இருவர் பெயரில் இரண்டுமாக எழுப்பிய மூன்று கோயில்கள். அதனால் மூவர் கோயில். இப்போது இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். புல்தரையும் நிழலும் இருக்கும், பிள்ளைகள் ஓடி விளையாடலாம். திருச்சி–மதுரை நாற்கரச் சாலைக்கு மிக அருகில் இருப்பதால் மதுரைக்குப் போகும் வழியில் இதைப் பார்ப்பது இன்னும் வசதி. அப்படிச் செய்தால் மேற்குத் திசை நாள் இலகுவாகும்.

13. கொடும்பாளூரிலிருந்து விராலிமலை பக்கம்தான். மயில்களும் குரங்குகளும் நிறைந்த முருகன் மலை. மயிலைப் பார்க்க விடியற்காலையோ அந்தி நேரமோ நல்லது. கையில் வாழைப்பழம், பிளாஸ்டிக் கவர், மூக்குக் கண்ணாடி மூன்றுக்கும் குரங்கு குறி வைக்கும். இந்த முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம், யாரும் கேலி செய்ய வேண்டாம். விராலிமலைக் குறவஞ்சி ஆடிய மரபும் இந்தக் கோயிலுக்கு உண்டு. அந்தச் சதிர் மரபில் வந்த கலைஞர் விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

14. வடக்கே நார்த்தாமலை. எனக்கு மாவட்டத்தில் ஓர் இடம்தான் காட்ட முடியும் என்றால் இதைத்தான் காட்டுவேன். திருச்சிச் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் ஒன்பது குன்றுகள். அவற்றில் மேலமலை என்பதைக் கேட்டுப் போங்கள். வழுக்குப் பாறை, சுனை, அதற்கு மேலே விஜயாலய சோழீச்சுரம். பெயரில் சோழன் இருந்தாலும் முத்தரையர் குலத்தைச் சேர்ந்த சாத்தன் பூதி எடுப்பித்தது. மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெளியே சதுரமான கோயில், உள்ளே போனால் கருவறை வட்டம். தமிழ்நாட்டில் அபூர்வமான அமைப்பு இது. உள்ளே எட்டிப் பார்க்காமல் வெளியில் படம் எடுத்துவிட்டு வந்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எதிரே மலையைக் குடைந்து இரண்டு குடைவரைகள். அவற்றில் பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர். உள்ளே நிற்பதோ ஒரே மாதிரி பன்னிரண்டு விஷ்ணு சிலைகள்.

கோயில் மேற்குப் பார்த்தது. மாலை மூன்றரை, நான்கு மணிக்கு முகப்பில் வெயில் விழும்போது படம் நன்றாக வரும். ஆனால் இருட்டுவதற்கு முன் கட்டாயம் இறங்கிவிடுங்கள். பாறையில் விளக்கு கிடையாது. மழை நாளில் ஏறவே ஏறாதீர்கள், பாசி வழுக்கும். பெண்கள் தனியாகப் போவதைவிட இரண்டு மூன்று பேராகப் போவது உசிதம். பயமுறுத்தச் சொல்லவில்லை, வார நாட்களில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது.

15. நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா பங்குனியில். அந்த நாட்களில் திருச்சிச் சாலையில் போக்குவரத்து நெருக்கும். கூட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தேர் நாள். கல்லைப் பார்க்க விரும்புகிறவர்கள் பங்குனியைத் தவிர்க்கவும்.

16. வடக்கே இன்னும் நேரம் இருந்தால் குன்னாண்டார்கோயில். குடைவரைக்கு முன்னால் இருக்கும் நூற்றுக்கால் மண்டபத்தைக் குதிரை பூட்டிய தேராகச் செய்திருக்கிறார்கள். சக்கரங்களை இறங்கி நின்று பாருங்கள்.

17. பூட்டிய கோயில் பற்றி ஒரு தனிக் குறிப்பு. விசலூர், பனங்குடி, காளியாபட்டி, திருக்கட்டளை என்று முற்காலச் சோழர் பாணியில் குட்டிக் குட்டிக் கற்றளிகள் வயல்களுக்கு நடுவில் இருக்கின்றன. பலவற்றில் ஒருவேளைப் பூசைதான். போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும். சலித்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஊர் டீக்கடையில் "சாவி யாருகிட்ட இருக்குண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து நிமிடத்தில் சைக்கிளில் ஆள் வரும், இல்லையென்றால் குருக்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். திறந்துவிட்டவருக்குத் தட்டில் காசு போட்டுவிட்டு வாருங்கள். வயதான பெண்களை 'ஆத்தா' என்று கூப்பிட்டால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.

18. தெற்கே திருமயம், 20 கிலோமீட்டர். வழியில் வெள்ளாற்றைக் கடப்பீர்கள். ஆற்றங்கரை ஊர் என்று நினைத்து வந்து மாலையில் கரையில் காலாற நடக்க வேண்டும் என்று கேட்ட விருந்தாளிகள் உண்டு. வெள்ளாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் ஓடுகிறது. மாலை நடைக்கு நகரத்துப் புதுக்குளத்துக்கோ கவிநாட்டுக் கண்மாய்க் கரைக்கோ போங்கள். ஆனாலும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளலாம்: சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்று பழைய மரபு சொல்வது இந்த ஆற்றைத்தான்.

திருமயம் கோட்டையை 1687-இல் கட்டியவர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி. ஊமைத்துரையோடு சேர்த்து இதை ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். காலையில் கோட்டை திறந்ததும் ஏறிவிடுங்கள். உச்சியில் ஒரு பீரங்கியும் நாலா பக்கமும் கண்மாய்களும் தெரியும். ஏறும் வழியில் பாறையில் குடைந்த சின்ன சிவன் சந்நிதியைக் கவனியுங்கள். இறங்கி வந்து நடை சாத்தும் முன் மலையடிவாரத்து இரண்டு கோயில்கள். சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்து. பள்ளிகொண்ட பெருமாள் மிகப் பெரியவர். பட்டரிடம் சொன்னால் தீபத்தை நகர்த்தி நகர்த்தி முகத்திலிருந்து பாதம் வரை காட்டுவார். விடுதலைப் போராட்டத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான், பெயரும் இந்தப் பெருமாளின் பெயர். போகும்போது சாலையோரம் கோட்டைச் சுவரில் இருக்கும் பைரவருக்கு லாரி டிரைவர்கள் முதல் மாப்பிள்ளை கார் வரை நிறுத்திச் சிதறுகாய் போடுவார்கள்; உங்கள் டிரைவரும் நிறுத்துவார், அவசரப்படுத்தாதீர்கள்.

19. செட்டிநாடு என்றாலே காரைக்குடி என்று பழகிவிட்டது. ராயவரம், கடியாபட்டி, அரிமளம், பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி, விராச்சிலை என்று நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. திருமயத்திலிருந்து ஆட்டோவிலேயே சுற்றலாம். இவை குடும்பங்களுக்குச் சொந்தமான வீடுகள் என்பது நினைவிருக்கட்டும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் பல. கதவு திறந்திருந்தாலும் வாசலில் நின்று "ஆச்சி, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முகப்பும் வளவும் பார்த்தால் போதும். மாடிக்குப் போகவோ சாமி அறையைப் படம் எடுக்கவோ கேட்காதீர்கள். ஒரு ராத்திரி அப்படிப்பட்ட வீட்டில் தங்க ஆசை என்றால் விடுதியாக மாற்றிய பழைய வீடுகள் இந்தப் பக்கம் உண்டு, வாடகை நகரத்து லாட்ஜைப் போலப் பல மடங்கு.

20. தென்கிழக்கு நாள் நீளமானது, விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் கதையோடு பிணைந்த ஊர், இப்போது திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகம். சிவன் கோயிலில் வழக்கமாகப் பார்ப்பது எதுவும் இங்கே இல்லை: கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, கருவறையில் ஆவுடையார் உண்டு, லிங்கம் இல்லை. அம்மனுக்கும் பாதம் மட்டும். நைவேத்தியமாகப் புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு படைகல்லில் கொட்டுவார்கள். அந்த ஆவிதான் சுவாமிக்கு. கூடவே பாகற்காயும் கீரையும். காலைப் பூசை நேரத்துக்குப் போனால் பார்க்கலாம்.

சிற்பத்தில் தேட வேண்டியது கொடுங்கை. கூரை விளிம்பில் மரச் சட்டங்கள், கம்பிகள், குமிழ் ஆணிகள் எல்லாம் தெரியும். தொட்டால்தான் கல் என்று நம்புவீர்கள். அந்தக் காலத்தில் ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். பொய்யோ மெய்யோ, அண்ணாந்து பார்த்த பிறகு யாரும் மறுப்பதில்லை.

21. அங்கிருந்து கடல் அருகில்தான். மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று பாக் ஜலசந்தியின் கரையோரம் ஊர்கள். அலை அதிகம் இல்லாத, குளம் மாதிரி கிடக்கும் கடல். மெரினாவை நினைத்து வராதீர்கள். வருவது மீனுக்கும் நண்டுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது விலை ஏறும், வகை குறையும். வீட்டுக்கு வாங்கிப்போக நினைத்தால் தெர்மகோல் பெட்டியும் ஐஸும் கட்டுமாவடிச் சந்தையிலேயே கேளுங்கள்.

22. கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம். கல்லும் கோயிலும் போதும் என்று தோன்றுகிற நாளில் இங்கே வாருங்கள். தென்னை, பலா, பூந்தோட்டம். 2018 நவம்பர் 16 கஜா புயல் இந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. மறுபடி நட்டு எழுப்பியிருக்கிறார்கள். வைகாசி, ஆனியில் சாலையோரம் பலாப்பழம் குவிந்திருக்கும். முழுப் பழம் வாங்கினால் காம்புப் பக்கம் வாசனை வருகிறதா, தட்டினால் தொம்மென்று சத்தம் வருகிறதா பாருங்கள். முள் அகன்று பருத்திருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் கையிலும் அரிவாள்மணையிலும் நல்லெண்ணெய். மாசி மகத்தில் வந்தால் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போங்கள். வானத்தை முட்டும் குதிரைச் சிலையின் உடம்பு தெரியாத அளவுக்குக் காகிதப்பூ மாலைகளைச் சாத்துவார்கள். மாலைகள் வேன், லாரிகளில் வந்திறங்கும்.

23. நகரத்துக்குப் பக்கத்திலேயே கிழக்கில் பொற்பனைக்கோட்டை. சங்க காலக் கோட்டையின் மண் மதிலும் அகழியும் அடையாளம் தெரிகின்றன. 2023-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது, தங்க மூக்குத்தி கிடைத்த செய்தியும் அப்போது வந்ததுதான். குழிகளை மூடியிருக்கும் நாட்களில் மேடும் புதரும்தான் இருக்கும். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும்.

24. தை மாதம் ஜல்லிக்கட்டு. வாடிவாசல் அதிகம் உள்ள மாவட்டம் எங்களுடையது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும், பொங்கலுக்கு முன்பே. தேதியை முந்தின வாரம் உறுதிப்படுத்திக்கொண்டு, காலை ஆறு மணிக்குள் போய் மேடையில் இடம் பிடியுங்கள். மாடுகளை அவிழ்த்துப் பிடித்துப்போகும் பக்கம் நிற்கவே கூடாது. ஆபத்து களத்தைவிட அங்கேதான் அதிகம்.

25. பஸ்ஸில் சுற்றுகிறவர்களுக்கு: சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் குடுமியான்மலை, குன்னாண்டார்கோயில் மாதிரி ஊர்களுக்குப் பஸ் எண்ணிக்கை குறைவு. இறங்கும்போதே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் என்றால் அரை நாளைக்கு ஆட்டோ பேசுவது மலிவு. காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்பே பேசிவிட வேண்டும். சாலையில் சைக்கிள் மிதித்துப் போகும் பெண்களைப் பார்த்தால் ஒரு தகவல்: 1991-ஐ ஒட்டி அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள்கூட.

26. முகூர்த்த நாளில் லாட்ஜ் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.

27. சாப்பாடு. மதியம் மெஸ்களில் இலைச் சாப்பாடு. இரண்டரை மணிக்கு மேல் போனால் குழம்பில் துண்டு இருக்காது. கேட்டு வாங்க வேண்டியது முட்டை மாஸ்: அவித்த முட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, வெங்காயத்தோடு காரசாரமாகப் பிரட்டியது. ராத்திரி புரோட்டாவோடும் சேரும். செட்டிநாட்டு ஊர்கள் பக்கம் போன அன்று மாலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். கோழி, மட்டன் எல்லாவற்றிலும் காரம் தூக்கலாக இருக்கும். குழந்தைகளுக்கு ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

28. ஊருக்குக் கொண்டுபோக: முந்திரி. அதற்காகவே திரும்பும் வழியைத் தஞ்சாவூர்ச் சாலையில் வைத்துக்கொள்ளலாம். ஆதனக்கோட்டையில் சாலையோரம் பெண்கள் கொட்டையை வறுத்துக் கையாலேயே உடைத்து விற்கிறார்கள். அங்கங்கே கருகல் பட்டிருந்தால் தள்ளாதீர்கள், சுட்ட வாசனை அதில்தான் இருக்கிறது. வாயில் ஒன்றைப் போட்டு மொறுமொறுப்பைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் மாதிரி இழுத்தால் பழசு. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் முழுப்பருப்பு எதற்கு, உடைத்த பருப்பு விலை குறைவு, ருசி ஒன்றே. சூடாக இருக்கும்போது கவரைக் கட்டாதீர்கள், நமத்துவிடும். வீட்டுக்குப் போனதும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் வண்டும் சிக்கும் வராமல் பல வாரம் தாங்கும்.